சுத்தியலும் விசேஷமும்

ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் வேலை பார்ப்பவனிடம் சொந்த வீட்டை மட்டும் ஒப்படைக்கவே கூடாது. நானே அந்த வேலைதான் பார்க்கிறேன், நம்புங்கள்.

மண்ணூரில் எங்களுடையது நாட்டு ஓடு போட்ட பழைய வீடு. மழை வந்தால் குண்டானையும் வாளியையும் வைத்துவிட்டு, மிச்ச இடத்தில் நாங்கள் படுத்துக்கொள்வோம். திருநெல்வேலியிலிருந்து ஒரகடத்துக்கு வேலைக்கு வந்து, ஹாஸ்டலில் தங்கி, (யார் செய்த பாவமோ) என்னைக் காதலித்துக் கல்யாணமும் செய்துகொண்ட கௌசல்யா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: “முதல்ல ஒழுகாத கூரை. அப்புறம்தான் பிள்ளை. தொட்டில் மேல ஒரு சொட்டு விழுந்துச்சு, நான் ஊருக்குப் போயிருவேன்.”

நியாயம்தான். கூரை மரத்தையெல்லாம் கரையான் தின்று வைத்திருந்தது. “பாதியப் பிரிச்சு, அதுல புது ஓடு ஏத்திட்டு, அப்புறம் மீதியப் பிரிக்கலாம்லா?” என்று கேட்டாள். நான் சிரித்தேன். எங்கள் கம்பெனியில் ஷட்டவுன் என்றால் லைனையே நிறுத்தி மொத்தமாகப் பிரித்துப் போடுவோம். “அதெல்லாம் உனக்குப் புரியாது” என்றேன். (அடேயப்பா, என்ன தெனாவெட்டு!)

ஓடு முழுக்க இறங்கியது. மரமும் இறங்கியது. வீட்டுக்குள் நின்றால் வானம் தெரிந்தது. நான் சுவர்மேல் நின்று, இடுப்பில் கைவைத்து, வேலையாட்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது கௌசல்யா கீழிருந்து கூப்பிட்டாள்.

“ஏங்க, இறங்கி வாங்க. ஒரு விஷயம்.”

“வேலை நடந்துகினு இருக்கு. எதுவானாலும் அங்கருந்தே சொல்லு.”

சொன்னாள். தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். “நீங்க அப்பா ஆகப் போறீங்க!”

சுவரிலிருந்து எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. மணல் குவியலில் கிடந்ததாகச் சொல்கிறார்கள். சந்தோஷத்தில் அழுதது மட்டும் நினைவிருக்கிறது.

அழுது முடிப்பதற்குள் அம்மா வந்துவிட்டார். “எல்லாரும் இறங்குங்கடா! முழுகாம கீற பொண்ண வூட்டுல வச்சிகினு ஆணி அடிப்பாங்களா? ஒரு சத்தம் வரக்கூடாது!”

எங்கள் ஊரில் இதற்கு மறுபேச்சே கிடையாது. ஆட்கள் மூட்டை கட்டினார்கள். செம்பரம்பாக்கம் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “கொஞ்ச நாள் உங்கம்மா வூட்டுக்குப் போயிடறியா?” என்றேன் கௌசல்யாவிடம்.

“எம்பிள்ளைக்குப் போடுத கூரை. அப்படியே விட்டுட்டுப் போவேனா?” என்று என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, அம்மாவிடம் திரும்பினாள். “அத்தை, நான் வீட்ல இருக்கையிலதான ஆணி அடிக்கக் கூடாது? ஷிப்டுக்குப் போயிட்டா?”

அம்மா யோசித்தார். “நீ இல்லாதப்போ அடிச்சா... தோஷம் ஒண்ணும் இல்லதான்.”

அன்றிலிருந்து எங்கள் கூரை வேலை கௌசல்யாவின் ஷிப்டில் ஓடியது. அவளுடைய கம்பெனி பஸ் கிளம்பியதும் சுத்தியல்கள் எழும். திரும்பி வரும் பஸ் தெருமுனையில் தெரிந்ததும் அத்தனையும் கீழே. பஸ்ஸைப் பார்த்துக் குரல் கொடுப்பது, லீவு போட்டிருந்த என் பொறுப்பு. (ஒரகடத்தில் சூப்பர்வைசர், சொந்தத் தெருவில் வாட்ச்மேன்.) அன்றன்றைக்கு எந்தப் பக்கம் மூட வேண்டும் என்பதைக் காலையிலேயே அவள் சொல்லிவிட்டுப் போவாள். நான் பார்த்த எந்த ஷட்டவுனும் அவ்வளவு கச்சிதமாக முடிந்ததில்லை.

கடைசி ஓடு ஏறிய மறுநாள் மழை கொட்டியது. பழக்கதோஷத்தில் குண்டானைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒரு சொட்டு விழவில்லை. கௌசல்யா வயிற்றில் கைவைத்துக்கொண்டு, கூரையைப் பார்த்துச் சிரித்தாள். என்ன கெட்டிக்காரி! கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கையில் குண்டான் இருந்தது.

இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள். நான் சுத்தியலைத் தொட்டாலே, “இன்னா, எதனா விசேஷமா?” என்று யாராவது கேட்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை, மகள் வரைந்த படத்தை மாட்டுவதற்காக ஸ்டூலில் ஏறினேன்.

“அம்மா! அப்பா சுத்தியல் எடுத்துகினாரு. எதனா விசேஷமா?” என்று கத்தினாள் மகள்.

வழக்கமாக, “ஒண்ணுமில்ல, ஆணிதான்” என்று அடுக்களையிலிருந்து உடனே பதில் வரும். அன்று கொஞ்சம் தாமதமாக வந்தது.

“சுத்தியலக் கீழ வைக்கச் சொல்லு.”