முந்நூறு வாக்குக் கொண்டுவந்தவன்

அரசியலில் நான் ஒரேயொரு நாள்தான் பெரிய மனிதனாக இருந்தேன். அதுவும் பின்னேரம் நாலரை மணியோடு முடிந்துவிட்டது.

எழுபத்தேழாம் ஆண்டுப் பொதுத் தேர்தல். வவுனியாவில் வழக்குப் பேசிக்கொண்டிருந்த என் மாமா, சுயேச்சையாக நின்றார். அவர் வெல்வார் என்று மனதார நம்பியவர்கள் இரண்டு பேர்: அவரும் நானும். எனக்கு இருபத்திரண்டு வயது. வேலை இல்லை, வாய் மட்டும் இருந்தது.

பட்டினத்தை ஒட்டி ஒரு புதுக் குடியிருப்பு. மலையகத் தோட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் காடு வெட்டிக் குடியேறியிருந்தார்கள். நான் சைக்கிளில் வீடு வீடாகப் போய், "உங்கட குறை என்ன?" என்று கேட்டுக் கொப்பியில் எழுதினேன். (எழுதும்போது நெற்றியைச் சுருக்கிக்கொள்வேன். மந்திரிமார் அப்படித்தான் எழுதுவார்கள் என்று ஒரு எண்ணம்!) எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: கிணறு. தண்ணீருக்கு இரண்டு மைல் நடந்து குளத்துக்குப் போனார்கள்.

"மாமா, முந்நூறு வாக்கு. கண்ணை மூடிக்கொண்டு எண்ணுங்கோ," என்றேன்.

மாமா கடைத்தெருக் கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு அங்கே வந்தார். நிறைகுடம் வைத்து, மாலை போட்டு, எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார்கள். அந்தத் தண்ணீர் அத்தனையும் குளத்திலிருந்து தலையில் சுமந்து வந்தது என்று நான் யோசிக்கவில்லை. கிணறு வெட்டித் தருவேன் என்று மாமா சொன்னதும் கைதட்டல் அடங்கவில்லை. நான் ஒலிவாங்கியைப் பறித்தேன்.

"விடியவே போய் வோட்டுப் போடுங்கோ!"

கைதட்டல் நின்றது. முன்னால் இருந்த ராக்கம்மா என்ற பெண் எழுந்தார்.

"எங்களுக்கு ஓட்டு இல்லீங்களே தம்பி. பிரசாவுரிமை குடுக்கலீங்க. இங்க ஒருத்தருக்கும் இல்ல."

மாமா மெல்ல என் பக்கம் திரும்பினார். "வாக்காளர் இடாப்பைப் பாத்தனியோ?"

வாக்காளர் பெயரெல்லாம் அச்சிட்ட அந்த இடாப்பு வீட்டு மேசையில் கிடந்தது. பெயர் பார்ப்பது கிளாக்கர் வேலை என்று நான் திறக்கவே இல்லை. பிரசாவுரிமை பறிக்கப்பட்ட தோட்டத்து நாடற்றவர்களைப் பற்றிப் பேப்பரில் எத்தனையோ தடவை வாசித்தவன்தான். அவர்கள் இவர்கள்தான் என்று என் மண்டைக்கு உறைக்கவில்லை.

பழியை அவர்கள் தலையில் போடப் பார்த்தேன். "ஏன் அக்கா, முந்தியே சொல்லேல்லை?"

"ஓட்டு இருக்கான்னு நீங்க கேக்கலீங்களே. என்ன குறைன்னு கேட்டீங்க. எங்கள யாரும் அப்பிடிக் கேட்டதில்ல. அதான் சொன்னோம்."

மாலையைக் கழற்றவும் முடியாமல், போட்டுக்கொண்டு நிற்கவும் முடியாமல் மாமா தவித்தார். பிறகு, "வெண்டாலும் தோத்தாலும் கிணறு வரும் அம்மா," என்றார். சொன்ன நேரத்தில் மனதாரத்தான் சொன்னார். தேர்தலில் நிற்கக் கட்டிய கட்டுப்பணமும் போகத் தோற்ற பின், அவர் வழக்குகளுக்குத் திரும்பினார். நான் வேலை தேடினேன். வெட்கத்தில் அந்தப் பக்கமே போகாமல் சுற்றுவழியில் சைக்கிள் ஓடினேன்.

இன்றும் வீட்டில் நான் எதையாவது அடித்துச் சொன்னால், "இடாப்பைப் பாத்தனீங்களோ?" என்பாள் மனைவி. பிறகு முழுக்கதையும் ஒருமுறை ஓடும். மாமாவின் மாலையோடு கதையை முடித்துவிட்டு எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். போன தீபாவளிக்கு அதை முதல்தரம் கேட்ட மருமகளும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "பிறகு கிணறு வெட்டிக் குடுத்தனீங்களோ?" என்று கேட்டாள்.

இத்தனை வருடத்தில் வீட்டில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை.

"இல்லைப் பிள்ளை," என்றேன்.