உன் காரின் மஞ்சள் விளக்கு அணைந்த வரலாறு

குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனி,
ஹைதராபாத்.
20-11-2012

சிரஞ்சீவி அச்யுத்துக்கு உன் அத்திம்பேர் ஜகதீசன் அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் உன் அக்கா சாவித்ரியும் ஸ்ரேயாவும் சௌக்கியம். நீ நம்பி விட்டுப்போன காரும் சௌக்கியம். அமெரிக்காக் குளிரில் நீ ஒருவேளையாவது ரசம் சாதம் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். இமெயில் இருக்க இந்த மனுஷர் ஏன் கடுதாசி எழுதுகிறார் என்று யோசிப்பாய். என் இமெயில் பாஸ்வேர்டே உன் அக்கா பேர்தான். நான் என்ன எழுதினாலும் உனக்கு முன்னால் அவள் படித்துவிடுவாள்.

வேறு யாராவது சொல்லி நீ கேள்விப்படுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, வேஷ்டியும் பனியனுமாக, உன் காருக்கு அடியில் பாதி உடம்பை விட்டுக்கொண்டு, பின்பக்கத்து இடது டயரில் காதை வைத்துப் படுத்திருந்தேன். காலனியில் வாக்கிங் போகிற அத்தனை பேரும் நின்று பார்த்தார்கள். எதிர்வீட்டு ராமசுவாமி, பாலாநகர் பேக்டரியில் என்னோடு வேலை பார்த்துப் போன வருஷம் ரிடையர் ஆனவர், குனிந்து, "ஜகதீசன், என்ன ஆச்சு? டாக்டருக்குப் போன் பண்ணட்டுமா?" என்றார். "ஒண்ணுமில்லை சார், காத்து போறதான்னு கேக்கறேன்" என்றேன். "யாருக்கு? உமக்கா, காருக்கா?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டினார். மத்தியானத்துக்குள் காலனி பூராவும் தெரிந்துவிட்டது.

நடந்தது இதுதான். எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள் அக்டோபர் இருபத்தெட்டு என்பது உனக்குத் தெரியும். எங்கள் கல்யாணப் பந்தியில் நீ மூணு தடவை ஜாங்கிரி கேட்டு அழுதவன். ஸ்ரீசைலத்துக்கு அழைத்துப் போகிறேன் என்று நான் சாவித்ரிக்கு முதல் வருஷமே வாக்கு கொடுத்தாச்சு. நடுவில் ஒருதரம் பேக்டரியில் அவசர வேலை, ஒருதரம் ஸ்ரேயாவுக்கு அம்மை, ஒருதரம் எனக்கே சோம்பல். உன் கார் வாசலில் வந்து நின்றதும் எனக்குச் சாக்கு தீர்ந்துபோச்சு. அன்றைக்கு விடியற்காலையிலேயே அவள் பட்டுப்புடவை கட்டி, புளியோதரை கிளறி, தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்தாள். கிளம்பி பதினைந்து நிமிஷம்கூட ஆகவில்லை, மூசாபேட் சிக்னலில் நிற்கும்போது டாஷ்போர்டில் பளிச்சென்று ஒரு மஞ்சள் விளக்கு. குதிரை லாடம் மாதிரி ஒன்று, அதன் வயிற்றில் ஓர் ஆச்சரியக்குறி. எந்த டயரில் காற்று குறைந்தாலும் எரியும் என்று நீதானே சொல்லிவிட்டுப் போனாய்?

வேறு யாராவது இருந்தால் ஒரு பெட்ரோல் பங்கில் காற்றைப் பிடித்துக்கொண்டு போயிருப்பான். ஆனால் நான் யார்? இருபத்தேழு வருஷமாக விமானத்துக்குள் எரிகிற எச்சரிக்கை விளக்குகளைச் சோதிக்கிறவன். விளக்கு எரிந்தால் வண்டி நகரக்கூடாது, காரணத்தைக் கண்டுபிடித்துக் குறை ரெஜிஸ்தரில் எழுதிக் கையெழுத்துப் போட்டு மூடின பிறகுதான் நகரவேணும் என்பது எங்கள் சட்டம். வண்டியைத் திருப்பிவிட்டேன். புளியோதரையை எங்கள் சாப்பாட்டு மேஜையிலேயே சாப்பிட்டோம். சாயங்காலம்வரை அவள் பட்டுப்புடவையை மாற்றவில்லை. அதுதான் அச்யுத், எனக்கு என்னமோ பண்ணிவிட்டது. "ஷோரூம்லே காட்டலாமே அப்பா" என்று ஸ்ரேயா சொன்னாள். "எதுக்கு? வீட்டிலேயே ரெண்டு நாள்ல சரிபண்ணிடுவேன்" என்றேன். ராமசுவாமி வேறு கேட்டுக்கொண்டிருந்தார், கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

ஒரு நீளநோட்டு வாங்கி ரெஜிஸ்தர் போட்டேன். குறை, எடுத்த நடவடிக்கை, பலன் என்று மூன்று பத்தி. முதல் நாள் கால்பம்பால் காற்று அடித்தேன். பலன் என்கிற பத்தியில் 'முதுகுவலி' என்றுதான் எழுத முடிந்தது. பம்பில் இருக்கிற முள் இருபத்தெட்டு காட்டுகிறது, ஸ்ரேயா கடையில் வாங்கிவந்த மீட்டர் முப்பத்தொன்று, பஞ்சர்க்கடை யூசுப் பாயின் மீட்டர் முப்பத்தைந்து. மூன்றையும் கூட்டி சராசரி எடுத்து அதன்படி காற்று வைத்தேன். விளக்கு அணையவில்லை. மறுநாள் யூசுப் பாய் நாலு டயரையும் கழற்றித் தொட்டியில் முக்கி, ஒரு குமிழிகூட வராததைக் காட்டி, "கைக்கு டென்ஷன் சாப்? எதுக்குக் கவலை? டயர் பர்ஃபெக்ட். ஒரு விளக்கு எரிஞ்சா எரியட்டும், வண்டி ஓடுதில்ல?" என்றார். நான் அவருக்கு எச்சரிக்கை விளக்கின் தத்துவத்தை அரைமணி நேரம் விளக்கினேன். அவர் "ஹவ் சாப், ஹவ் சாப்" என்று ஆமாம் போட்டுக்கொண்டே மூணு ஸ்கூட்டருக்குப் பஞ்சர் ஒட்டி முடித்துவிட்டார். அதற்கப்புறம் நான் வருவது தெரிந்தாலே, "ஆஜ் நக்கோ சாப், இன்னிக்கு வேண்டாம்!" என்று தூரத்திலிருந்தே கையெடுத்துக் கும்பிடுகிறார்.

உன் கார்ப் புத்தகத்தைப் புரட்டினேன். காற்று சரிபண்ணினதும் இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்துக்குக் குறையாமல் பத்து நிமிஷம் ஓட்டினால் விளக்கு தானே அணையும் என்று போட்டிருந்தது. குகட்பள்ளியில் இருபத்தைந்தில் பத்து நிமிஷம்! எழுதினவன் எங்கள் ரோட்டைப் பார்த்ததில்லை. அதனால் காலையில் காலனிக்குள்ளேயே, கோயிலைச் சேர்த்துப் பதினோரு சுற்று. பக்கத்தாத்துக் கல்பகம் மாமி, "உங்காத்துக்காரர் கார்லேயே பிரதட்சிணம் பண்றாரே, என்ன வேண்டுதல்?" என்று உன் அக்காவைக் கேட்டிருக்கிறாள். அவள் சொன்ன பதில்: "ஸ்ரீசைலம் போகணும்னு வேண்டுதல் மாமி. எனக்கு."

அப்புறம் வெயிலை சந்தேகப்பட்டேன். வாசலில் நிற்கிற காருக்கு ஒருபக்கம் வெயில், ஒருபக்கம் நிழல். சூடானால் காற்று விரியும், அது பள்ளிக்கூடப் பாடம். ஆகவே வெயில்பக்கத்து இரண்டு டயருக்கும் சாவித்ரியின் பழைய புடவை ஒன்றை நனைத்துச் சுற்றினேன். காலேஜிலிருந்து வந்த ஸ்ரேயா, "அப்பா, ஏம் சேஸ்துன்னாரு மீரு? எவரைனா சூஸ்தே?" என்று தெலுங்கில் கத்தினாள். யாராவது பார்த்தால் என்ன ஆவது என்று அவள் கவலை. பார்க்க இனி யாரும் பாக்கியில்லை என்றேன். இப்படியே பத்தொன்பது நாள். தினமும் காப்பி கொடுக்கும்போது உன் அக்கா, "ஏன்னா, எரியறதா?" என்பாள். "எரியறது" என்பேன். "எனக்கும்தான்" என்று உள்ளே போய்விடுவாள்.

இருபதாம் நாள், போன சனிக்கிழமை விடியற்காலை, சாவியைத் திருப்புகிறேன், விளக்கு இல்லை! அணைத்துவிட்டுத் திருப்பினேன், இல்லை. முந்தின நாள் ஒவ்வொரு வால்வையும் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்திருந்தேன், அதுதான் காரணம் என்று உடனே புரிந்துவிட்டது. சாவித்ரி கையில் ரெஜிஸ்தரோடும் பேனாவோடும் தயாராக நின்றாள். "சோதித்தேன், குறை நீங்கியதுன்னு எழுதி கையெழுத்துப் போடுங்கோ. அப்பதானே வண்டி நகரலாம்?" என்றாள். போட்டேன். திரும்பிப் பார்த்தால் பட்டுப்புடவை கட்டியிருக்கிறாள், புளியோதரை வாளி சீட்டில் இருக்கிறது.

அச்யுத், அந்த இரண்டு நாளை எப்படிச் சொல்ல? நல்லமலைக் காட்டுக்குள் இரண்டு பக்கமும் மரம், மைல்கணக்கில் ஒரு ஜீவன் கிடையாது, புலி இருக்கிறது என்று போர்டு மட்டும் இருக்கிறது. உன் அக்கா ஜன்னலை இறக்கிவிட்டு வாய்விட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். அவள் பாடுவாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. சன்னதியில் அரைமணி நேரம் கண்ணை மூடி நின்றாள். திரும்பும்போது குரங்குக்குப் பாதிப் புளியோதரையைப் பறிகொடுத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானோ போக வர எட்டு மணி நேரமும், ஒரு சாதாரண மனுஷனால் முடியாத ஒரு குறையை நான் எப்படிப் படிப்படியாகக் கண்டுபிடித்தேன் என்று விளக்கிக்கொண்டே வந்தேன். அவள் ஒவ்வொன்றுக்கும், "ஆமாம்னா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். இருபத்தைந்து வருஷத்தில் அவள் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆகவே நீ கவலையில்லாமல் உன் வேலையைப் பார். காருக்கு இங்கே ஒரு எஞ்சினியரே காவல் இருக்கிறான். மல்லிகார்ஜுனர் அருளால் உனக்குச் சீக்கிரம் நல்ல இடத்தில் கல்யாணம் கூடிவந்து, நீயும் ஒரு விளக்கைக் கண்டு நடுங்குகிற பாக்கியம் பெறவேணும்.

அன்புள்ள அத்திம்பேர்,
ஜகதீசன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குமுன் காரைத் துடைத்து வைக்கலாமே என்று போனேன். டாஷ்போர்டுக் கண்ணாடியில் துணியை ஓட்டினபோது, ஏதோ விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. மிளகு அளவு கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு. ஸ்ரேயா ஜீன்ஸுக்கு வைத்துக்கொள்கிற ரகம். அது இருந்த இடத்தில் மஞ்சள் விளக்கு ஜகஜோதியாக எரிகிறது. சாவியைத் திருப்பினதும் எல்லா விளக்கும் ஒரு தடவை எரிந்து அணைகிறதா பார், எரியாத விளக்கை நம்பாதே என்று பேக்டரிக்கு வருகிற ஒவ்வொரு புது ஆளுக்கும் முதல் பாடம் நடத்துகிறவன் நான். உள்ளே போய் உன் அக்காவிடம் பொட்டை நீட்டினேன். கொஞ்சம்கூட அசரவில்லை. "நீங்களும் தூங்கலை, என்னையும் தூங்கவிடலை. வேற என்ன பண்றது?" என்று சொல்லிவிட்டு, குழம்பைக் கிண்டிக்கொண்டே, "எல்லா டயரையும் பாத்தேள், டிக்கிக்குள்ள படுத்துண்டிருக்கே ஒண்ணு, அதை யாராவது பாத்தாளா?" என்றாள். யூசுப் பாயின் மீட்டரையும் கடன் வாங்கி மூன்றையும் வைத்துப் பார்த்தேன், முதல்தடவையாக மூன்றும் ஒத்துப்போய் ஒரே டயரைக் குறை சொல்கின்றன. சராசரிப்படி ஓடுகிற நாலு டயரிலும் முப்பத்துமூன்று. புலிக்காட்டுக்குள் துணைக்கு எடுத்துப்போன அஞ்சாவதில் நாலு.