என் மனைவிக்காக நான் எழுதிப்போட்ட ஜெப விண்ணப்பம்

பத்தாம் வகுப்பு அறிவியலில் இனப்பெருக்கப் பாடம் வந்தால், "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைப் புரட்டுகிற வாத்தியார்களில் நானும் ஒருவன். பிள்ளைகள் படித்தார்களோ என்னவோ, நான் படிக்கவில்லை.

என் மனைவி ஜெயராணிக்கு அப்போது நாற்பத்தேழு வயது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஆலயப் பாடகர் குழுவில் பாடுகிறவள். சரியான உறக்கமில்லை, சும்மா இருக்கும்போதே வியர்த்துக் கொட்டியது. மீன்குழம்பில் புளி கூடுதல் என்றேன், அழுதாள். (அதுவரை அந்த வீட்டில் அழுதது நான் மட்டும்தான்.) "உடம்புக்கு என்னவோ பண்ணுது, ஒருக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று மூன்று முறை கேட்டாள். "எல்லாம் கோவந்தான். பொறுமையா இரி" என்று நானே வைத்தியம் சொன்னேன்.

ஒரு ஞாயிறு, ஆலய வாசலில் இருந்த ஜெப விண்ணப்பப் பெட்டியில் சீட்டு எழுதிப் போட்டேன். போதகர் தனியாக ஜெபிப்பார் என்று நினைப்பு. ஆண்டவருக்கு ஆள் மாறிவிடக் கூடாதே என்று முழு விவரமும் எழுதியிருந்தேன். புதிதாக வந்திருந்த போதகர் மைக்கில் வாசித்தார்: "பாடகர் குழு சகோதரி ஜெயராணி கோபத்தின் ஆவியிலிருந்து விடுதலை பெற, கணவரின் விண்ணப்பம்."

சபையே பாடகர் குழுவைப் பார்த்தது. ஜெயராணி பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள். நான் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்தேன். (செருப்பு வெளியே கிடந்தது.)

சாயங்காலம் பெண்கள் சங்கம் ஜெபிக்க வீட்டுக்கே வந்துவிட்டது. எல்லாரும் கண்ணை மூட, ஓய்வுபெற்ற நர்ஸ் தங்கம் அக்கா மட்டும் மூடவில்லை.

"ஏட்டி ஜெயா, மாசாமாசம் ஒழுங்கா வருதா?"

"ரெண்டு மாசம் வராதுக்கா, பொறவு ஒரேயடியா வரும். ஒறக்கமும் இல்ல. எனக்குப் பைத்தியம் பிடிக்குதோன்னு பயந்துட்டு கெடக்கேன்."

அந்தப் பயத்தை நான் அன்றுதான் கேட்டேன். வெட்கத்தைவிட வருத்தமே பெரிதாக இருந்தது.

"இது ஆவியும் இல்ல, பேயும் இல்ல. மாசமுறை நிக்கப்போற காலம்" என்றார் அக்கா. "இதுக்குப் போயி மைக்கில ஜெபமா, சாரே?"

மறுநாள் டாக்டரம்மாவும் அதையே சொன்னார். "தைராய்டு மட்டும் ஒருதடவை பாத்துக்கலாம். மத்தபடி இந்த வயசுல இதுக்குப் பெரிய டெஸ்ட் வேண்டாம். அவங்க சொல்றதைக் கேட்டாலே தெரிஞ்சிடும்." நான் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிகிச்சையில் உறக்கம் வந்தது, வியர்வை குறைந்தது. இப்போதும் நான் கோபப்பட்டால், "அப்பாக்கு ஒரு சீட்டு எழுதவா?" என்பாள் மகள். ஜெயராணியும் சேர்ந்து சிரிப்பாள்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்குப் பிறகு பாடகர் குழுவுக்கு அவள் திரும்பிப் போகவில்லை. கேட்டால், தொண்டை சரியில்லை என்பாள். நான் உடனே வண்டிச் சாவியை எடுப்பேன், ஆஸ்பத்திரிக்குப் போக.

"இருங்க" என்பாள். "தொண்டையில ஒண்ணும் இல்ல."