கரன்ட் சாமியின் நகராத கேரவன்

மூன்று மாதமாகச் சாமியின் கேரவன் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. எஞ்சினும் ஒருமுறைகூட உறுமவில்லை. ஆனால் உள்ளே விளக்கு எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது, குளிர்பெட்டி ஜில்லென்று இருக்கிறது. கூரைமேல் இருக்கும் ஒலிபெருக்கி காலை முதல் மாலை வரை சாமியின் பொன்மொழிகளைப் பொழிகிறது. எப்படி என்று கேட்டால் ‘தகட்டு சக்தி’ என்கிறார்கள். அதற்கு மேல் கேட்டால் மரியாதை கெட்டவன் என்கிறார்கள்.

உள்ளேயே குடியிருக்கும் கேரவன்கள் நிறுத்தும் அந்த மைதானத்தில் கரன்ட் சாமியைப் பார்க்க அப்படியொரு கூட்டம். எல்லோரும் படித்தவர்கள், ஊர் உலகம் சுற்றியவர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள். பதினோராவது ஆளாக நின்றவர் ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். முப்பத்திரண்டு வருஷம் பூமி எப்படிச் சுற்றுகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். தன் கேரவனில் விளக்கு ஏன் எரியவில்லை என்பது மட்டும் அவருக்கு விளங்கவில்லை.

நாலு நாள் வண்டியை ஒரே இடத்தில் நிறுத்தியிருந்தார், பக்கத்து மின்கம்பம் எதற்கென்று கேட்காமலே. விளக்கு மங்கியது, குளிர்பெட்டி நின்றது. சாவியைத் திருகினால் எஞ்சின் மட்டும் கம்பீரமாகக் கிளம்பியது. ஒரே வண்டியில் ஒரு பேட்டரிக்கு உயிர் இருக்கிறது, இன்னொன்றுக்கு இல்லை என்றால் யாரோ எதையோ செய்து வைத்துவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்? குளிர்பெட்டியில் இருந்தது அவர் மனைவியின் இன்சுலின், மூன்று மாதத்துக்கானது.

சாமி கண்ணை மூடினார். ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“பங்காளிப் பகை.”

“சாமி?”

“வண்டியில ரெண்டு பேட்டரி. எஞ்சினுக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு. மூத்தவன் இளையவனை உறிஞ்சுறான். இந்தச் செப்புத் தகட்டை ரெண்டுக்கும் நடுவுல கட்டு. ஒன்பது நாள் விரதம். எஞ்சினை எழுப்பாதே. கம்பத்துக் கரன்ட்டைத் தொடாதே. தொட்டா தகடு செத்துப்போகும்.”

வீட்டு பேட்டரி நிறைவதற்கு அங்கே இருந்ததே இரண்டு வழி. ஒன்று எஞ்சின், இன்னொன்று ஒவ்வொரு வண்டிக்கும் பக்கத்தில் நட்டு வைத்திருந்த மின்கம்பம். இரண்டையும் அடைத்துவிட்டார் சாமி. பட்டினி போட்டே உடம்பைத் தேற்றுகிற வைத்தியம். வாத்தியார் காணிக்கை போட்டுவிட்டுத் தகட்டோடு திரும்பினார்.

அவர் மனைவி தடுப்பூசிக் கிடங்கில் குளிர்பெட்டிகளுக்குப் பொறுப்பாக இருந்தவள். ஐந்தாம் நாள் காலை குளிர்பெட்டிக்குள்ளிருந்து வெப்பமானியை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“முப்பத்தொண்ணு டிகிரி.”

“இன்னும் நாலே நாள்மா. விரதம் முடிஞ்சிரட்டும்.”

“மருந்து விரதம் இருக்காதுங்க. எட்டு டிகிரி தாண்டக் கூடாது அது. இத்தனை நாள் இந்தச் சூட்டுல கிடந்ததை நம்பி நான் ஊசி போட்டுக்கவா? முதல் நாளே மைதான ஆபீஸ் ஃபிரிட்ஜ்ல கெஞ்சி ஒரு குப்பிக்கு இடம் வாங்கினேன். மிச்சம் அது ஒண்ணுதான். புதுசு வாங்கினாலும் எங்க வைக்கிறது?”

“சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுறேன்.”

“நானும் வர்றேன்.”

சாமியின் வண்டி கடைக்கோடி கம்பத்துக்கு அருகில் நின்றது. வாசலிலிருந்து கம்பம் வரைக்கும் பச்சைப் பாய். பாயின்மேல் அதே நீளத்துக்கு, ஒரு முழ இடைவெளியில் இரண்டு கயிறு கட்டியிருந்தார்கள். அதுதான் ‘சக்தி ரேகை’. யாரும் மிதிக்கக் கூடாது. எல்லோரும் அதைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அவள் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்தாள்.

“சாமி, உங்க தகட்டோட சக்தி எவ்வளவு தூரம் போகும்?”

“அண்டம் முழுக்கப் போகும்மா.”

“அவ்வளவெல்லாம் வேண்டாம், பத்தடி போதும். உங்க வண்டியைப் பத்தடி முன்னால கொண்டுவந்து நிறுத்துங்க. அப்பவும் விளக்கு எரிஞ்சா நான் விழுந்து கும்பிடுறேன்.”

“வண்டி மௌன விரதத்துல இருக்கு,” என்றார் சாமி. கூரைமேல் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்ததால் அதை அவர் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

வாத்தியாருக்கு மானமே போயிற்று. சாமியின் பெருமையைக் காப்பாற்றும் பொறுப்பு இப்போது அவர் தலையில்! “ஒரே ஒரு தடவை காட்டிடுங்க சாமி. இவ வாய் அடைஞ்சிரும்.”

“காட்டுங்க சாமி!” என்றது கூட்டம்.

எதிரி கேட்டால் சாபம் விடலாம். பக்தன் கேட்டால் என்ன செய்வது? சாமி சாவியைத் திருகினார். டக்… டக்… டக். அப்புறம் அதுவும் இல்லை.

“பார்த்தீங்களா? வண்டிக்கே நகர விருப்பமில்ல,” என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டே இறங்கினார்.

அத்தோடு தப்பித்திருப்பார். ஆனால் பக்தி சும்மா விடுமா? ரொட்டிக் கடைக்காரர் ஒருவர் உள்ளே கையை விட்டு கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, கைபிரேக்கையும் தளர்த்தினார். “சாமி எதுக்குக் கஷ்டப்படணும்? நாம தள்ளுவோம்! கை பட்டாலே புண்ணியம்!”

நாற்பது கைகள் வண்டியில் விழுந்தன. முன்வரிசையில் வாத்தியார்.

“வேண்டாம்! ரேகை அறுந்துரும்!” என்று சாமி கத்தினார். அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அது. யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது அடியில் பாய் புடைத்தது. ஐந்தாவது அடியில் சக்தி ரேகையைக் கிழித்துக்கொண்டு கட்டைவிரல் தடிமனில் ஒரு கறுப்பு வயர் எழுந்து நின்றது. ஒரு முனை வண்டியின் வயிற்றில், மறுமுனை கம்பத்தில். ஆறாவது அடியில் பொட்டென்று பிளக் பிடுங்கிக்கொண்டது. விளக்கு அணைந்தது. மின்விசிறி சோர்ந்து நின்றது. “என்னை நம்பினவர்களை ஒருநாளும் கை…” என்ற இடத்தில் ஒலிபெருக்கி நின்றது.

“அது… எர்த் வயர்,” என்றார் சாமி.

அவள் வண்டிக்குள் ஏறி, இருக்கைக்கு அடியில் வீட்டு பேட்டரி இருக்க வேண்டிய பெட்டியைத் திறந்தாள். பேட்டரியே இல்லை. விற்பனைக்கான செப்புத் தகடுகள் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன.

“அப்ப பங்காளிப் பகை?” என்று வாத்தியார் கேட்டார்.

“பகையும் இல்ல, பங்காளியும் இல்ல. எஞ்சின் ஓடுனா ரெண்டு பேட்டரியும் நிறையும். எஞ்சின் நின்னதும் ரெண்டையும் தனித்தனியா பிரிச்சிடும். வீட்டு விளக்கு எவ்வளவு எரிஞ்சாலும் எஞ்சின் பேட்டரி தீரக் கூடாதுன்னு அப்படிப் பண்ணியிருக்காங்க. அதனாலதான் நம்ம விளக்கு அணைஞ்சும் எஞ்சின் கிளம்புச்சு. நிக்கிற இடத்துல வீட்டு பேட்டரியை நிரப்பத்தான் கம்பம். சாமி வண்டியில கம்பத்துக் கரன்ட் எஞ்சின் பேட்டரிக்குப் போகல. மூணு மாசம் ஓட்டாம விட்டா அது செத்துத்தான் போகும்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“வண்டியோட குடுத்த புத்தகத்துல படம் போட்டிருக்கு. நேத்துதான் பிளாஸ்டிக் உறையைப் பிரிச்சேன்.”

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். வாழ்நாளெல்லாம் பாடப் புத்தகத்தோடு இருந்த மனுஷன், இந்த ஒன்றைப் பிரிக்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

கூட்டம் முறுக்கிக்கொண்டு வந்தது. சாமி ஓடித் தப்பிக்கலாம் என்றால் வண்டி கிளம்பாது. வாத்தியாரின் காதோரம் வந்து கெஞ்சினார். “சார், உங்க பேட்டரியில இருந்து கரன்ட் எடுக்க ஜம்பர் வயர் இருந்தா குடுங்களேன்.”

“தகடு இருக்கு,” என்றாள் அவள். “ஒன்பது நாள் விரதம் இருங்க, கிளம்பிடும்.”

தன் வண்டிக்குத் திரும்பியதும் வாத்தியார் கம்பத்தில் பிளக்கைச் சொருகினார். குளிர்பெட்டி முனகி எழுந்தது. கெட்டுப்போன குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டார். அவள் வெப்பமானியைத் துடைத்துக் குளிர்பெட்டிக்குள் வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

பையோடு வெளியே வந்தபோது ரொட்டிக் கடைக்காரர் வாசலில் நின்றார்.

“சார், இந்த ஆள் போலி, சரி. பக்கத்து மைதானத்துல ஒருத்தர் வெறும் தண்ணியிலயே விளக்கு எரிய வெக்கிறாராம். அவர் நிஜமாம். போய்ப் பார்ப்போமா?”

வாத்தியார் பையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே குப்பிகள் கலகலத்தன.

“போங்க. ஆனா கும்பிடுறதுக்கு முன்னால பாயைத் தூக்கிப் பாருங்க. நான் தூக்கிப் பார்க்கல. என் பொண்டாட்டி உசுரு இதோ குப்பைக்குப் போகுது.”