உப்புக் கஞ்சியும் முதல் பரிசும்

திருவண்ணாமலை
26-6-1979

ஆரணியில் பட்டுத்தறி நெய்து பேரோடு விளங்கும் மரியாதைக்குரிய மச்சான் அருணகிரி அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் வேணு பணிவுடன் வணங்கி எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நானும் தறியும் சுகம். தங்கள் வீட்டில் அனைவரும் சுகமாக இருக்க வேண்டும். என் மேல் கோபத்தில் இருப்பவரும் சேர்த்துத்தான்.

சித்திரையில் மகள் கஸ்தூரியைக் கையில் பிடித்துக்கொண்டு உங்கள் தங்கை உண்ணாமலை பஸ் ஏறும்போது என்ன சொன்னாள் என்பது தெருவுக்கே தெரியும். "நான் இல்லாம ஒரு பாவு போட்டு ஒரு புடவை நெய்ஞ்சி காட்டு, அப்புறம் பேசு" என்றாள். இப்போது பேசுகிறேன். நெய்துவிட்டேன் மச்சான். நெய்தது மட்டுமில்லை, நெசவாளர் சங்கம் நடத்திய போட்டியில் அந்தப் புடவைக்கு முதல் பரிசு வாங்கிவிட்டேன். இந்த இடத்தை மட்டும் அவள் காதில் விழும்படி இரண்டு தரம் உரக்கப் படிக்கவும்.

நடந்தது என்னவென்றால், வெயில் முடிவதற்குள் பாவுக்குக் கஞ்சி போட்டுவிட வேண்டும் என்று வைகாசி நடுவில் விடியற்காலை தெருவில் பாவு நூலை நீளவாக்கில் இழுத்துக் கட்டினேன். கடுகு நிற உடல், சிவப்புக் கரை. கஞ்சி காய்ச்சுவது எப்போதும் உங்கள் தங்கை வேலை, இந்தத் தடவை நானே காய்ச்சினேன். ஒன்றரை மாதமாக எனக்கு நானே கஞ்சி காய்ச்சிக் குடித்த பழக்கத்தில் கை தானாகப் போய் உப்பை அள்ளிப் போட்டுவிட்டது. பாதிப் பாவுக்குத் தடவும்வரை எனக்கே தெரியாது. முதலில் தெரிந்துகொண்டது ராணியம்மாள் வீட்டுப் பசுமாடு. அது கரைப்பக்கத்து இழையை நக்கிப் பார்த்துவிட்டு நகர மாட்டேன் என்றது, அதைப் பார்த்து இன்னும் இரண்டு வந்தன. எதிர்வீட்டுப் பச்சையம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏம்பா வேணு, கஞ்சில உப்பு போட்டியா? நெய்யறதுக்கு காச்சினியா, துன்றதுக்கு காச்சினியா?" என்று கேட்டாள். இது புது முறை என்று சொன்னேன். நான் இந்தப் பக்கம் மாட்டை விரட்ட, அது அந்தப் பக்கம் பாவுக்குள் தலையை விட, இழைகள் வரிசை மாறாமல் செருகியிருந்த குச்சிகள் எல்லாம் உருவிக்கொண்டு விழ, அந்த நேரம் பார்த்து மலைக்குப் பின்னாலிருந்து மழை வந்ததே பார்க்க வேண்டும். அக்னி நட்சத்திரம் முழுக்க ஒரு சொட்டுக் காட்டாத வானம் அது. தெருவே ஓடிவந்து பாவை அப்படியே வாரிச் சுருட்டி வீட்டுக்குள் போட்டது.

பாவு இழைகளை ஒவ்வொன்றாகத் தறி அச்சில் பிணைக்கும் வேலை எப்பேர்ப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு இழையாக எடுத்து நீட்டுவாள், நான் இந்தப் பக்கம் வாங்கிப் பிணைப்பேன். பதினோரு வருஷமாக அப்படித்தான். இப்போது அந்தப் பக்கம் போய் நானே நீட்டிவிட்டு, இந்தப் பக்கம் ஓடிவந்து நானே வாங்கிக்கொண்டேன். நாலு நாள். முழங்கால் இரண்டும் தேய்ஞ்சி போச்சி. நெய்து பார்த்தால் கரையில் இருக்க வேண்டிய சிவப்பு இழை உடம்பெல்லாம் ஓடுது, ஒரு இடத்துல மூணு, ஒரு இடத்துல ஏழு, நடுவுல ஒண்ணுமே இல்ல. சங்கத்துச் செயலாளர் சக்கரவர்த்தி விரிச்சிப் பிடிச்சிப் பார்த்தாரு. "என்னா வேணு இது?"ன்னாரு. "டிசைன்"ன்னேன். "யார் போட்டது?"ன்னாரு. மாட்டைச் சொல்ல முடியுமா? "நான்தான்"னு சொல்லிட்டேன். அவரும் போட்டிக்குன்னு என் பேரை எழுதிக்கிட்டாரு.

மெட்ராஸிலிருந்து வந்த நடுவர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்களாம். இப்படி ஒரு துணிச்சலைத் தான் கண்டதில்லை என்று மேடையிலேயே சொன்னார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், அது விசைத்தறித் துணி. கைத்தறிக்காரனுக்கு அதைத் தொட்டதுமே தெரியாதா? சபை நாகரிகம் கருதிக் கும்பிட்டுவிட்டு வந்தேன். பரிசு ஒரு எவர்சில்வர் குடம். பேர் வெட்டுகிறவன் "யார் பேரு?" என்று கேட்டபோது பழக்கதோஷத்தில் உண்ணாமலை என்று சொல்லிவிட்டேன். வெட்டியது வெட்டியதுதான், என்ன செய்வது.

ஆகவே உங்கள் தங்கை இல்லாமலேயே இந்த வீட்டில் பாவு ஓடும், தறி ஓடும், பரிசும் வரும் என்பது நிரூபணமாகிவிட்டது. அவள் இஷ்டம்போல இருந்துவிட்டு வரட்டும், அவசரம் ஒன்றுமில்லை. கஸ்தூரியின் பள்ளிக்கூடம் திறந்து பதினைந்து நாளாகிறது, வாத்தியாரைக் கண்டால் வேறு சந்தில் திரும்பி நடக்கிறேன், அதனாலும் ஒன்றுமில்லை.

தங்கள் வீட்டில் அக்கா ராஜம்மாளுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் ஆயுசோடு இருக்க அண்ணாமலையார் துணை.

இப்படிக்கு,
முதல் பரிசு பெற்ற
வேணு

பின்குறிப்பு: மச்சான், மேலே உள்ளதை இன்னும் படித்துக் காட்டவில்லை என்றால் தயவுசெய்து காட்ட வேண்டாம். அதே டிசைனில் தீபாவளிக்குப் பன்னிரண்டு புடவை வேண்டுமென்று சங்கம் கேட்டிருக்கிறது. நானும் சரி என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிட்டு வந்துட்டேன். மூணு தரம் பிணைச்சு மூணு தரமும் அவுத்துட்டேன். எவ்வளவு பாடுபட்டாலும் பாவு ஒழுங்காகவே வந்து தொலைக்குது. பழைய பாவின் துண்டு ஒரு முழம் எடுத்து வைத்திருக்கிறேன், அதை எத்தனை நேரம் பார்த்தாலும் எனக்கு விளங்கவில்லை. நான் எங்கே தப்பு பண்ணேன்னு ஒரே பார்வையில சொல்ல உலகத்துல ஒருத்தியாலதான் முடியும். அதைச் சொல்றதுக்காவது அவளை அடுத்த பஸ்ஸில் ஏற்றி விடுங்கள்.