பிரேசில் அண்ணையின் கடைசி இடமாற்றம்

ஸ்காபரோவில் உதைபந்தாட்டம் விளையாடிய தமிழர்களுக்குள் ஆகச் சிறந்தவர் ஒரு பிரேசில்காரர். இதை நான் எந்தக் கோயில் வாசலிலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

அவருக்கு நாலு பாகத்தில் ஒரு முழுப்பெயர் இருந்தது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரணி ஒரு கோல் போட்டுவிடும் என்பதால் எங்கள் பெடியன்கள் ‘பிரேசில் அண்ணை’ என்று சுருக்கிவிட்டார்கள். அவரும் அதற்கே திரும்பிப் பார்த்தார்.

எங்கள் ஊர்ச் சங்க அணியின் கப்டன் ரூபன்தான் அவரைக் கண்டுபிடித்தவன். மோர்னிங்சைட் பக்கம் ஒரு வெயர்ஹவுஸில் இருவருக்கும் வேலை. சாப்பாட்டு நேரத்தில் ஒரு ஆள் கதிரையில் இருந்தபடியே, பெட்டி ஒட்டுகிற ரேப் முடிந்துபோன வெறும் வளையத்தைக் காலால் தட்டித் தூரத்துக் குப்பை வாளிக்குள் போடுவதை ரூபன் கண்டிருக்கிறான். சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எனக்குப் போன் அடித்தான். நான் அப்போது அணியின் மனேஜர். பெரிதாக நினைக்கவேண்டாம், இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டுகிற உத்தியோகம்தான்.

பிரேசில் அண்ணை நடுக்கள ஆட்டக்காரர். வாலிப வயதில் ஒரு பையோடு வீட்டைவிட்டுக் கிளம்பியவர், போர்த்துக்கல், பின்லாந்து, மால்டா, துருக்கி, வளைகுடா, இந்தோனேசியா என்று பூமியில் புல் முளைக்கிற இடமெல்லாம் ஆடியிருக்கிறார். பின்லாந்தில் பனிக்குள் பந்தைத் தேடுவதிலேயே முதல் பாதி போய்விடுமாம். மால்டாவில் கொஞ்சம் பலமாக அடித்தால் பந்து கடலுக்குள். வளைகுடாவில் கழக முதலாளி தன் ராசாளியைப் பக்கத்தில் இருத்திக்கொண்டுதான் ஆட்டம் பார்ப்பார். ராசாளி முகத்தைத் திருப்பினால் மறுநாள் பயிற்சியாளருக்கு வேலை இல்லை. கடைசியாகக் கனடாவில் ஒரு சின்னக் கழகத்துக்கு வந்தார். கழகத்தை இழுத்து மூடிவிட்டார்கள், இவர் மிஞ்சினார்.

எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த மொழியில் முதலில் இரண்டு விஷயம் படிப்பது அவர் வழக்கம்: பந்து கேட்பது, சாப்பாடு கேட்பது. தமிழில் அவை ‘தா’, ‘இன்னும் கொஞ்சம்’. ‘காணும்’, அதாவது போதும், என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. பிறகு வோபர்னில் மலர் அன்ரி வீட்டுப் பேஸ்மென்ற்றுக்கு வாடகைக்குக் குடிவந்தார். இரண்டு வருசத்தில் மலர் அன்ரியின் தமிழ் அப்படியே அவருக்கு ஒட்டிக்கொண்டது, அன்ரியின் பெருமூச்சு உட்பட. எல்லோரும் அவருக்குத் தம்பிதான். எழுபது தாண்டிய எங்கள் சங்கத் தலைவரையும் தம்பி என்றுதான் கூப்பிடுவார். தலைவருக்கு அதில் உள்ளூரச் சந்தோஷம்.

ஆட்டத்தில் அவர் ஓடமாட்டார். நடுவட்டத்தில் பஸ்ஸுக்கு நிற்பவர் மாதிரி நிற்பார். பந்து காலுக்கு வந்தால் ஒரு தட்டு, விரலால் ஒரு காட்டு. அவர் காட்டிய இடத்துக்கு மற்றப் பத்துப்பேரும் மூச்சிரைக்க ஓடவேண்டும்.

ஒவ்வொரு கோடையும் ஒப்பந்தம் புதுப்பிக்கும் விழா வைத்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பார். சம்பளம் இல்லாத ஒப்பந்தம். மில்லிக்கனில் ஒரு பிளாசாவில், மரக்கறிக்கடைக்கு முன்னால், தலைவர் அவருக்குப் பொன்னாடை போர்த்துவார். அவர் எங்கள் சட்டையை நெஞ்சுக்கு நேரே விரித்துப் பிடித்துப் படத்துக்கு நிற்பார். முருங்கைக்காய் வாங்க வந்தவர்கள் கை தட்டுவார்கள்.

கோடையில் ஊர்ச் சங்கங்கள் ஆடுகிற சுற்றுப்போட்டியின் ஒலிபெருக்கி அறிவிப்பாளர் வாரநாட்களில் தமிழ் வானொலியில் மரண அறிவித்தல் வாசிப்பவர். முதல் வருசம் அவர் பழக்கதோஷத்தில், “பிரேசிலைப் பிறப்பிடமாகவும், பின்லாந்து, துருக்கியை முன்னாள் வதிவிடங்களாகவும், கனடா வோபர்னைத் தற்போதைய வதிவிடமாகவும் கொண்ட...” என்று தொடங்கிவிட்டார். மரநிழலில் இருந்த இரண்டு பேர் எழுந்து தலைகுனிந்து நின்றார்கள். பிரேசில் அண்ணை எல்லாப் பக்கமும் திரும்பிக் கை அசைத்தார்.

முதல் இரண்டு கோடையும் முதல் சுற்றிலேயே தோற்றோம். அவர் அனுப்புகிற பந்தைக் கண்டு எங்கள் பெடியன்கள் திகைத்துப்போய் நின்றதுதான் காரணம். தோற்கிற அணியில் யார் ஆடினாலும் யாரும் கேள்வி கேட்பதில்லை. மூன்றாம் கோடை இறுதியாட்டத்துக்கு வந்தோம். வந்ததும் கேள்வி வந்தது.

எதிரணி பக்கத்து ஊர். ஊரில் எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு மதகு, இங்கே மார்க்கம் ரோடு. ஆட்டம் தொடங்க முன்னம் அவர்கள் ஆட்சேபம் போட்டார்கள். ஊர்ச் சுற்றுப்போட்டியில் ஆடுகிறவர் அந்த ஊரில் பிறந்திருக்கவேண்டும், அல்லது தாய் தகப்பன் பிறந்திருக்கவேண்டும், அல்லது சம்பந்தம் செய்திருக்கவேண்டும். பிரேசில் அண்ணைக்கு மூன்றும் இல்லை. இன்னொன்றும் எங்களுக்குத் தெரியும். முழங்கால் தேய்ந்துவிட்டது, இந்த ஆட்டத்தோடு நிறுத்தச் சொல்லி டொக்டர் கட்டளை. இன்று வெளியே இருத்தினால் அவருடைய ஆட்ட வாழ்க்கை வெளியே இருந்தபடியே முடிந்துவிடும்.

நடுவர் குழுத் தலைவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நம் ஆட்கள் எவரையும் அளக்கிற அந்த ஒரே கேள்வியைக் கேட்டார்.

“உவர் ஆரின்ர ஆள்?”

எங்கள் தலைவர் வாயைத் திறக்க முன்னம், குடையும் கையுமாக மலர் அன்ரி மைதானத்துக்குள் வந்துவிட்டார்.

“உவர் செத்தவீட்டில என்ர மனிசன்ர பெட்டி தூக்கினவர். என்ர தம்பிமார் வாறதுக்கு முன்னம் வந்து நிண்டவர். உதுக்கு மேல என்ன வேணும்?”

அதிபர் யோசித்தார். சவப்பெட்டி தூக்கியவர் குடும்பத்து ஆள்தான், அதில் மறுபேச்சு இல்லை என்றார். ஆகவே இவர் மலரின் வீட்டு ஆள். மலர் எந்த ஊர்? மலர் அன்ரி மதகுக்கு அந்தப் பக்கம். ஆகவே பிரேசில் அண்ணை தாராளமாக ஆடலாம், பக்கத்து ஊருக்கு. ஆனால் எங்கள் அணியில் பெயர் பதிந்தவர் என்பதால் அதற்கு எங்கள் கப்டன் சம்மதிக்கவேண்டும், இல்லையென்றால் அவர் வெளியே என்று அதிபர் தீர்ப்புச் சொன்னார்.

“ஐயோ, நான் உதுக்கே சொன்னனான்?” என்று மலர் அன்ரி தலையில் கை வைத்தார்.

சம்மதிக்காதே என்று நாங்கள் எல்லோரும் ரூபனைச் சூழ்ந்துகொண்டோம். அவர் இல்லாமல் ஆடினால் சரிக்குச் சரி, அவர் அந்தப் பக்கம் போனால் கோப்பை போச்சு. எங்கள் சங்கம் ஒரு கோப்பையும் கண்டதில்லை. ரூபன் எங்களைப் பார்க்கவில்லை. புல்லில் இருந்தபடி முழங்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்த பிரேசில் அண்ணையைத்தான் பார்த்தான்.

“போங்கோ அண்ணை,” என்றான் ரூபன். “வெளியால இருந்து முடிக்கிற ஆளே நீங்கள்?”

அவர் எங்கள் சட்டையைக் கழற்றி, மடித்து, ரூபனின் கையில் கொடுத்தார். ஒவ்வொருவராகக் கை குலுக்கினார். பிறகு அந்தப் பக்கம் போய், பொன்னாடை இல்லாமல் ஒப்பந்தம் செல்லாது என்று நின்றுவிட்டார். மலர் அன்ரியின் சால்வையைப் போர்த்தித்தான் ஆட்டத்தைத் தொடங்கினார்கள்.

ஒன்றுக்கு ஒன்று என்று இழுபட்ட ஆட்டம் முடியும் தறுவாயில், கோலுக்கு வெகு தூரத்தில் அவர்களுக்கு ஒரு ஃப்ரீ கிக். பிரேசில் அண்ணை நின்ற இடத்திலிருந்து வளைத்து அடித்தார். எங்கள் கோலி இன்றைக்கும் அந்தப் பந்தைத் தேடிக்கொண்டிருக்கிறான்.

அவர்கள் கத்திக்கொண்டு அவர்மேல் பாய வந்தார்கள். அவர் இரண்டு கையையும் உயர்த்தித் தடுத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நடுவட்டத்துக்கு நடந்தார். முழங்கால்தான் போய்விட்டது என்று நினைத்தேன். விசில் ஊதியதும் ஐஸ் பையோடு ஓடினேன். முழங்காலுக்கு ஒன்றுமில்லை என்றார்.

“பழைய கிளப்புக்குக் கோல் அடிச்சா கொண்டாடுறேல்ல, தம்பி. அதுதான் முறை.”

அத்தனை நாட்டிலும் அப்படித்தான் செய்தீர்களா என்று கேட்டேன். அவர் மலர் அன்ரியின் பெருமூச்சு ஒன்றை விட்டார்.

“இல்லை. எல்லா இடத்திலயும் அடிச்சுப்போட்டுத் துள்ளி ஆடினனான். இண்டைக்குத்தான் கால் வரேல்ல.”

இப்போது அவர் வினிபெக்கில் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறார். கோப்பை பக்கத்து ஊர்ச் சங்கத்தின் கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கிறது. கலியாணம், சாமத்தியச் சடங்கு என்று அந்த மண்டபத்துக்குப் போகும்போதெல்லாம் நான் அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்பேன். யாராவது பக்கத்தில் வந்தால், எங்கட ஆள் அடிச்ச கோல் அது என்று சொல்வேன்.