வலிக்குமா அண்ணாச்சியும் பெஞ்ச் சீட்டு வண்டியும்

குமரி மாவட்டத்தில் ஓடுகிற அத்தனை வண்டிகளின் குணமும் குற்றமும் அறிந்த ஒரே மனிதர் வலிக்குமா அண்ணாச்சிதான். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது வேறு விஷயம். சைக்கிள்கூடத் தெரியாது. ஆனால் சுசீந்திரத்தில் எங்கள் தெருவில் யார் வண்டி எடுப்பதாக இருந்தாலும் முதலில் அவரிடம் வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் அவரே அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்பார்.

பெயர்க் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் வலிப்பது என்றால் இழுப்பது. மலையாளம் பக்கத்து வீட்டில் இருந்தால் இப்படித்தான் ஆகும். பீடியை வலிப்போம், கயிற்றை வலிப்போம், வண்டி மேடு ஏற முடியாமல் முக்கினால் ‘வண்டி வலிக்கல’ என்போம். அண்ணாச்சி கீரிப்பாறைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் அவர் போய் வந்த பஸ் ஏற்றத்தில் பாதியில் நின்றுவிடுமாம். எல்லோரும் இறங்கி மேலே நடந்து போய் நிற்பார்களாம். பஸ் காலியாக ஏறி வந்து அவர்களை ஏற்றிக்கொள்ளுமாம். அதனால் வண்டிக்கு நிறம், அழகு, விலை எல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். ஆட்டோவோ ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற லாரியோ, எதைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: “வலிக்குமாடே?” தேரோட்டத்துக்கு வடம் பிடிக்க வந்த என் மைத்துனனையே மேலும் கீழும் பார்த்து, “ஆளு வலிப்பானா?” என்று என்னிடம் கேட்டவர் அவர்.

அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் தானே ஒரு வண்டி எடுக்கப் போவதாகச் சொன்னார். அதுவும் குடும்பமே உட்காருகிற பெரிய வண்டி. வீட்டில் இருப்பது அவரும் அவர் மனைவி பொன்னம்மா அக்காவும் மட்டும்தான். இரண்டு பேருக்கு எதற்கு அவ்வளவு பெரிய வண்டி என்று தெருவே சிரித்தது. எனக்குக் காரணம் தெரியும், அதனால் நான் சிரிக்கவில்லை.

அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் மஸ்கட்டில், இளையவன் பெங்களூரில். அண்ணாச்சியின் தங்கை மகள் கல்யாணத்துக்கு இரண்டு பேரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். இரண்டு கார் பிடித்தார்கள். மூத்தவன் காரில் அண்ணாச்சியும் அக்காவும் ஏறிக்கொண்டார்கள். தாய்மாமன் சீர்த்தட்டு எல்லாம் இளையவன் காரில் ஏறியது. கல்யாணம் கொட்டாரத்தில். இளையவன் கார் போனது கோட்டாறுக்கு. சுசீந்திரத்தில் இருந்து ஒன்று தெற்கே, ஒன்று வடக்கே. வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன குழப்பம் என்று தோன்றும். இரண்டு ஊர்ப்பெயரையும் வேகமாகச் சொல்லிப் பாருங்கள்.

கோட்டாறில் ஒரு மண்டபத்து வாசலில் வாழை கட்டியிருந்தது. இளையவன் குடும்பம் இறங்கி உள்ளே போய், உட்கார்ந்து, இட்லியும் ரசவடையும் சாப்பிட்டு முடித்து மேடையைப் பார்த்தபோதுதான் பெண் வேறு பெண் என்று தெரிந்தது. வாசலுக்கு ஓடி வருவதற்குள் மூத்தவனிடம் இருந்து போன் வந்தது.

“நாங்க கோட்டாத்துல மண்டபத்து வாசல்ல நிக்கோம். உங்கள காணலியே?”

“நாங்களும் கொட்டாரத்துல வாசல்லதாம்லே நிக்கோம். கண்ணு தெரியலியா?”

இப்படியே இரண்டு பேரும் இரண்டு வாசலில் நின்று தேடியதில் முகூர்த்தம் போய்விட்டது. தாய்மாமனான அண்ணாச்சி வெறுங்கையை வீசிக்கொண்டு நின்றார். சீர் வந்து சேர்ந்தபோது சாப்பாட்டுப் பந்தி. மூத்தவன் அத்தனை பேர் முன்னால் வைத்து, “ஒம் பெண்டாட்டிக்கு ஊர்ப்பேருகூட ஒழுங்கா கேக்காதாலே?” என்று கேட்டுவிட்டான். இளையவன் மனைவி கோயம்புத்தூர்ப் பெண். வழி கேட்டு டிரைவருக்குச் சொன்னது அவள்தான். இளையவன் அன்று சாயங்காலமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான். அதற்குப் பிறகு மூத்தவன் லீவில் வருகிற மாதம் இளையவன் ஊர்ப்பக்கம் தலை வைக்க மாட்டான். ஒருவர் பேரை ஒருவர் சொல்வதுகூட இல்லை.

“அவனுவ மேல குத்தமில்ல மக்கா,” என்றார் அண்ணாச்சி என்னிடம். “ரெண்டு வண்டியில போனதுதான் குத்தம். ஒரு வண்டின்னா, தப்புனாலும் ஒண்ணாத்தான தப்புவோம்?”

பொன்னம்மா அக்கா அடுக்களையில் இருந்தே கேட்டாள். “ஒரு வீட்டுல இருக்க மாட்டேங்கானுவ. ஒரு வண்டியில மட்டும் இருப்பானுவளா?”

“வீட்டுல நாலு ரூம் உண்டு. ஆளுக்கொரு ரூமுல கதவ அடைச்சிக்கிடலாம். வண்டியில எங்க போவான்?”

 சவத்தை விடு, எப்படியோ போகட்டும் என்று அக்கா புளியைக் கரைக்கப் போய்விட்டாள்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்பது தெரு முழுக்கத் தெரிந்த என் பலவீனம். ஆகவே ஷோரூம் ஷோரூமாக அவரோடு அலைகிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது. போட்டியில் மூன்று வண்டிகள். கம்பெனிப் பெயர் எதுவும் அண்ணாச்சி வாயில் நுழையாது. அவரே பேர் வைத்தார். தாழ்வாக, சின்ன முகத்தோடு இருந்த பெட்ரோல் வண்டி கீரி. கறுப்பாகப் பெரிதாக நின்றது எருமை. வெள்ளையாக நீளமாக இருந்தது கொக்கு. கொக்கு மட்டும் பேஸ், மிடில், டாப் என்று மூன்று விதத்தில் வந்தது.

முதல் ஷோரூமில் விற்பனைக்கு நின்ற பையன் ஈரோட்டுக்காரன். வாங்க வாங்க என்று உட்காரவைத்து ஜூஸ் கொடுத்தான். அண்ணாச்சி ஜூஸைத் தொடாமல் நேராக விஷயத்துக்கு வந்தார்.

“தம்பி, இது வலிக்குமா?”

பையன் ஒரு நொடி யோசித்தான். பிறகு முகம் மலர்ந்தான். “வலிக்கவே வலிக்காதுங்க சார். சென்னை வரைக்கும் நிக்காம போங்க. கொஞ்சங்கூட வலிக்காதுங்க.”

அண்ணாச்சி எழுந்துவிட்டார். “வலிக்கவே வலிக்காதாம். அவனே சொல்லுகான். நேர்மையான பய. வா மக்கா போவோம்.”

பையன் பின்னாலேயே ஓடி வந்தான். “சத்தியமா வலிக்காதுங்க சார். வேணும்னா எழுதித் தர்றேங்க.” எனக்குச் சிரிப்பு அடங்கி அவனுக்கு விளக்குவதற்குள் அண்ணாச்சி பஸ் ஸ்டாப்புக்கே போய்விட்டார். பையன் புரிந்துகொண்டதும் சாலையில் நின்று, “நல்லா வலிக்கும் சார், மலையில எல்லாம் பயங்கரமா வலிக்கும்,” என்று கத்தினான். உள்ளே வேறு வண்டி பார்த்துக்கொண்டிருந்த குடும்பம் ஒன்று சீட்டில் இருந்து மெதுவாக இறங்கிக்கொண்டது.

டெஸ்ட் டிரைவ் என்றால் ஷோரூம்காரர்கள் பைபாஸில் ஒரு சுற்று விடுவார்கள். அண்ணாச்சி ஒப்புக்கொள்வாரா? கீரிப்பாறை ஏற்றத்தில் ஏற்ற வேண்டும், அதுவும் வண்டி நிறைய ஆளோடு. குடும்பத்தில் யார் யார் வருவார்களோ அவரவர் கனத்துக்குத் தக்க ஆளைத் தெருவில் பொறுக்கினார். நான் மூத்த மகன். பழக்கடை செல்லப்பன் இளைய மகன். மருமகள்களுக்குப் பதிலாக வந்தவர்கள் யார் என்று சொன்னால் அவர்கள் வீட்டில் எனக்குத் தண்ணீர் தர மாட்டார்கள்.

நல்லா வலிக்கும் என்று ஈரோட்டுப் பையன் கத்தியதை நம்பி முதலில் அவன் ஷோரூம் வண்டியான கீரியை எடுத்தோம்; தடிக்காரன்கோணம் வரைக்கும் நன்றாகத்தான் போனது. ஏற்றம் வந்ததும் கொஞ்சம் முனகி, வேகம் குறைந்தது. அவ்வளவுதான், அண்ணாச்சி கதவைத் திறந்து இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். கூட வந்த பையன் பதறிப் போய், “சார், ஏறுங்க சார், வண்டி போகுமுங்க,” என்று கெஞ்சினான்.

“போகட்டு, போகட்டு. நான் மேல வந்து ஏறிக்கிடுகேன்.”

பழக்க தோஷம் என்று நான் சொன்னேன். அவர் ஏற்கவில்லை. ஆள் இறங்கினால்தான் ஏறுகிற வண்டி வேண்டாம் என்று கீரியைக் கழித்துவிட்டார்.

எருமை அந்த ஏற்றத்தை ஏற்றமாகவே நினைக்கவில்லை. அண்ணாச்சிக்கு முகமெல்லாம் பல். ஆனால் கடைசி வரிசையில் உட்கார்ந்த செல்லப்பன் இறங்க முடியாமல் மாட்டிக்கொண்டார். முழங்காலும் தாடையும் ஒன்றாக இருந்தன. நாங்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்து வெளியே எடுத்தோம்.

“வண்டி நல்லா வலிக்கு,” என்றார் அண்ணாச்சி. “ஆளைத்தான் நாம வலிச்சு எடுக்கணும். கடைசி சீட்டுல மருமக்கமாரு இருக்கணும்லா? ரெண்டுலயும் ஒருத்தி முழங்கால் வலின்னு சொன்னா, பின்ன அதுக்கு ஒரு சண்டை.”

மிச்சம் கொக்கு. அது வலிக்கவும் செய்தது, கடைசி வரிசையில் மனிதர்கள் உட்காரவும் முடிந்தது. எல்லோரும் அப்பாடா என்றோம். ஷோரூமில் டாப் மாடலைக் காட்டினார்கள். கூரையில் ஜன்னல், நாலு பக்கமும் கேமரா, அடியில் காற்று வருகிற சீட்டு.

கூரை ஜன்னலை அண்ணாச்சி அண்ணாந்து பார்த்தார். “நாம ஓடு மாத்தி ஓட்டைய அடைக்கோம். இவன் புது வண்டியில ஓட்டை போட்டு வெச்சிருக்கான்.” சீட்டில் காற்று வந்ததும், “அய்யோ, வாயு பிடிக்கும்லா,” என்று எழுந்தார். வாயால் சொன்னால் வண்டி கேட்கும் என்றார்கள். “ஏசிய கொஞ்சம் கூட்டுடே,” என்றார் மரியாதையாக. வண்டி மன்னிக்கவும், புரியவில்லை என்றது. இன்னொரு முறை மெதுவாகச் சொன்னார். மறுபடியும் மன்னிப்பு.

அதெல்லாம்கூட அவருக்குப் பொருட்டில்லை. நடு வரிசைதான் பொருட்டு. டாப் மாடலில் அங்கே இரண்டு தனித்தனி சீட்டு, நடுவில் நடந்து போக வழி. கேப்டன் சீட் என்றார்கள். என்னையும் செல்லப்பனையும் அதில் உட்காரச் சொன்னார்.

“ரெண்டு பேரும் பேசப்பிடாது. மூஞ்சிய திருப்பிட்டு இருங்க.”

இருந்தோம். சொல்லக் கூடாது, சுகமாக இருந்தது. கைக்குத் தனித் திண்டு, காலை நீட்டலாம். நான் ஒரு ஜன்னலைப் பார்த்தேன், செல்லப்பன் ஒரு ஜன்னலைப் பார்த்தார். பூதப்பாண்டி போய்த் திரும்பி வருகிறவரைக்கும் எங்களுக்குள் ஒரு வார்த்தை இல்லை, ஒருவர் மேல் ஒருவர் படவும் இல்லை. செல்லப்பன் குறட்டையே விட்டார். பின்னால் இருந்து பார்த்துக்கொண்டே வந்த அண்ணாச்சியின் முகம் வாடிவிட்டது.

“இது வேண்டாம் மக்கா,” என்றார் இறங்கியதும். “நடுவுல இப்பிடி வழி விட்டா அவனுவ ஆயுசுக்கும் பேச மாட்டானுவ. ஒரே பெஞ்சா இருக்கதக் காட்டச் சொல்லு.”

நடுவில் மூன்று பேர் ஒட்டி உட்காருகிற பெஞ்ச் மிடில் மாடலில்தான் இருந்தது. அதையே எடுத்தார். கூரை ஜன்னலும் இல்லை, கேமராவும் இல்லை. காசை மிச்சம் பிடித்துவிட்டார், கஞ்சன் என்று தெருவில் பேச்சு வந்தது. அவர் காதிலும் விழுந்தது. எனக்குத்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மகன்களை வரவழைத்தது பொன்னம்மா அக்கா. இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் போன் போட்டு ஒரே விஷயத்தைச் சொன்னாள். “உங்க அப்பா லாரி மாதிரி ஒரு வண்டி வாங்கியிருக்காரு. ஓட்டப் பழகப் போறேன்னு நிக்காரு. எனக்கு நெஞ்சு படபடங்கு.” ஒரே வாரத்தில் இரண்டு குடும்பமும் வந்து இறங்கியது. ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது. முற்றத்தில் பார்த்துக்கொண்டதும் ஒருவன் குனிந்து செருப்பைக் கழற்றத் தொடங்கினான், ஒருவன் போனுக்குள் முகத்தைப் புதைத்தான்.

மறுநாள் காலை எல்லோரும் கீரிப்பாறைக்குக் கிளம்ப வேண்டும் என்றார் அண்ணாச்சி. மூத்தவன் ஆட்டோவில் வருகிறேன் என்றான். இளையவன் தலைவலி என்றான்.

“எட்டு பேரும் இருந்தாத்தான் வலிக்குமா வலிக்காதான்னு தெரியும். ஏறுங்கடே.”

வண்டி ஓட்ட நான். முன்னால் அக்கா. கடைசியில் மருமகள்களும் பேத்தியும். நடு பெஞ்சில் மூத்தவன், அவனை ஒட்டி இளையவன், கதவோரமாக எனக்குப் பின்னால் அண்ணாச்சி. இரண்டு பேரும் வாட்டசாட்டமான ஆட்கள். தோளும் தோளும் இடித்துக்கொண்டுதான் உட்கார முடிந்தது. பூதப்பாண்டி தாண்டியும் யாரும் வாய் திறக்கவில்லை. எனக்கு ஏசியிலேயே வியர்த்தது. இவ்வளவு அலைந்தும் வீணாகப் போய்விடுமோ என்று நிஜமாகவே பயந்தேன். கண்ணாடியில் பார்த்தால் அண்ணாச்சி மடியில் இருந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏற்றத்தில் முதல் வளைவு திரும்பியதும் மூத்தவன் யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னான். “இந்த வண்டியில கேப்டன் சீட் உண்டும்லா. அத எடுத்திருக்கப்பிடாதா?”

இளையவன் முன்கண்ணாடியைப் பார்த்து, “பெஞ்ச் சீட்டு எவனாவது எடுப்பானா?” என்றான்.

“சன்ரூஃபும் இல்ல.”

“பின்னால கேமராகூட இல்ல. எப்பிடி ரிவர்ஸ் எடுப்பாரு?”

மூத்தவன் திரும்பினான். “ஒங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாராலே?”

“இல்லண்ணே. ஒங்ககிட்ட?”

“கேட்டிருந்தா விட்டிருப்பனா?”

அண்ணே என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு நிற்கவில்லை. கலர் சரியில்லை, டயர் சரியில்லை, ஓட்டத் தெரியாதவருக்கு எதற்கு வண்டி என்று அண்ணனும் தம்பியும் மாறி மாறி அவரை உரித்தார்கள். கீரிப்பாறை வருவதற்குள் கல்யாணக் கதையும் வந்துவிட்டது.

“அன்னைக்கும் இவருதாண்ணே வழி சொன்னது. வாயி நிறைய வெத்தலைய வெச்சிக்கிட்டு கொட்டாரம்னா, அவளுக்கு கோட்டாறுன்னுதான கேக்கும்?”

“வெத்தலையா? அத நீ அன்னைக்கே சொல்லண்டாமாலே?” என்ற மூத்தவன், பின்னால் திரும்பித் தம்பி மனைவியிடம் ஏதோ தணிந்த குரலில் சொன்னான். பிறகு அப்பா பக்கம் திரும்பினான். “எல்லாத்துக்கும் காரணம் நீங்கதானாப்பா?”

 அண்ணாச்சி ஆமாம் என்று தலையை ஆட்டினார். மலையில் இறங்கும்போதும் ஏச்சு ஓயவில்லை. பின்னால் இருந்து என் தோளில் ஒரு விரல் பட்டது. சாய்ந்து காதைக் கொடுத்தேன்.

“மெல்லப் போ மக்கா. இன்னும் கொஞ்சம் ஏசட்டு.”

ஊருக்கு நேர்வழி இருந்தது. நான் சுற்றுவழியில் வண்டியைத் திருப்பினேன். ஆசை தீர ஏச்சு வாங்கிக்கொள்ளட்டும், எங்கள் அண்ணாச்சி.